கேடயமும் கள்ளத் தராசும்

“ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? இதுவா நீதி? இரட்டை நீதி அன்றோ இது!”

கனல் கக்கும் கேள்வி! மேடையிலே கேட்கிறோம், ஏட்டிலே காண்கிறோம், பதவி பறிபோன பெரிய மனிதரின் வீட்டுத் திண்ணையிலே, அவரைச் சூழ்ந்து நிற்போர் விடும் பெருமூச்சிலே கேட்கிறோம். கேட்பவர் கொள்ளும் சினம் மெய்யாகவே இருக்கலாம். அவர் எடுத்து வீசும் சொல்தான் மெய்யன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு சரக்குகளை ஒரே சாக்கிலே போட்டுக் கட்டி, மேலே ‘இரட்டை’ என்று முத்திரை குத்தி, நம்மிடம் விற்கிறார்கள். நாமும் அவிழ்த்துப் பாராமல் வாங்கிக்கொள்கிறோம். அவிழ்த்துத்தான் பார்ப்போமே, நண்பர்களே!

ஒருவனை ஒரு குற்றத்துக்காக விசாரித்துத் தீர்ப்பளித்து முடித்த பிறகு, அதே குற்றத்துக்காக மறுமுறையும் அவனைக் கூண்டிலே ஏற்றக்கூடாது என்பது ஒரு சட்ட விதி. இருமுறைத் தண்டனைத் தடை என்று அதனைக் கூறலாம். சாக்கிலே இருக்கும் முதற் சரக்கு அது. இரண்டாவது, இரட்டை அளவுகோல்; ஆளைப் பார்த்து அளவை மாற்றும் அநீதி. இதை விளக்கச் சட்டப் புத்தகம் தேவையில்லை, நம் பாட்டிமார் போதும்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! குடம் அதே குடம். உடைத்த கைதான் வேறு. கை மாறியதும் குடத்தின் விலையும் மாறிவிடுகிறது. முன்னது ஒரு மனிதனை இரு முறை வதைக்காதே என்று அரசின் கையைப் பிடிக்கிறது. பின்னது இரு மனிதரை ஒரே முறையில் நடத்தாதே என்று அரசின் காதிலே ஓதுகிறது. முன்னது கேடயம், பின்னது கள்ளத் தராசு. கேடயத்தைக் காட்டி இதுதான் தராசு என்பவனிடம் அரிசி வாங்கப் போவோமா?

கேடயம் ஏன் வேண்டும்? அரசிடம் இல்லாதது என்ன! காவற்படை உண்டு, கருவூலம் உண்டு, கற்றறிந்த வழக்கறிஞர் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் உண்டு. எதிரே நிற்பவனிடம் இருப்பது என்ன? விற்பதற்கு அரைக்காணி நிலம், கழற்றுவதற்கு மனைவியின் காதிலே ஒரு தோடு. தோற்ற வழக்கை அரசு மீண்டும் மீண்டும் தொடுக்கலாம் என்றால், இன்று பணியாத சாட்சி நாளை பணிவான். இன்று இடங்கொடாத நீதிபதி நாளை மாறிப் போவார். இன்று இருக்கும் தோடு நாளை இராது. அந்த நிலையிலே ‘விடுதலை’ என்று எழுதப்படும் தீர்ப்பு, அடுத்த வழக்குக்கு நாள் குறிக்கும் தாள் மட்டுமே. இதை உணர்ந்துதான் அமெரிக்க நாட்டார் 1791இல் தம் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்திலே இந்தத் தடையைப் பொறித்தனர். நம் அரசியல் சட்டமும் 20ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவிலே, ஒரே குற்றத்துக்காக எவர்மீதும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வழக்குத் தொடர்ந்து தண்டிக்கலாகாது என்று விதித்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் அரசியல் சட்டம் தரும் காப்பு, வழக்கும் தொடரப்பட்டுத் தண்டனையும் பெற்றவனுக்கே. விடுதலை பெற்றவனைக் காப்பது எது? குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 300ஆம் பிரிவாக இருந்து, 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 337ஆம் பிரிவாகத் தொடர்கிறது அந்தக் காப்பு. விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்வது புது வழக்காகாது, பழைய வழக்கின் தொடர்ச்சியே என்பதும் நம் நாட்டு நெறி. அமெரிக்காவில் அதற்கும் இடமில்லை. அங்கே ஜூரி ‘குற்றவாளி அல்லர்’ என்று சொல்லிவிட்டால் அதோடு கதவு சாத்தப்படும். இந்த வேற்றுமையை நினைவிலே கொள்க. சற்றுப் பொறுத்து இது தேவைப்படும்.

இனி, திண்ணைப் பெருமூச்சுக்கு வருவோம். நான் பணிபுரிந்த பள்ளியொன்றிலே, ஆசிரியர் அறையில் ஒரு நாள் வழக்கு மன்றமே நடந்தது. சத்துணவு அரிசியை விற்றுத் தின்ற ஒருவரைப் பற்றிய செய்தி ஏட்டிலே வந்திருந்தது. வேலையும் போயிற்று, வழக்கும் வந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பாவம், ஒரு மூட்டை அரிசிக்கு இரண்டு தண்டனை! இதற்குத்தான் இரட்டை நீதி என்று பெயர்” என்றார். அவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் கேட்டேன்: “ஐயா, வீட்டு வேலைக்காரன் பெட்டியை உடைத்துவிட்டான். காவலரிடம் ஒப்படைத்தீர்கள். சிறைக்குப் போய்த் திரும்பினான். பழைய வேலைக்கே வைத்துக்கொள்வீர்களா?” கண்ணாடி மறுபடி மூக்கிலே ஏறியது, விடை மட்டும் வரவில்லை.

வேலையிலிருந்து நீக்குவது, வேலை கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே உள்ள கணக்கு. சிறையிலே அடைப்பது, சமுதாயத்துக்கும் குற்றவாளிக்கும் இடையே உள்ள கணக்கு. ஒரு கணக்கைத் தீர்த்தால் மற்றொன்று தீராது. உச்ச நீதிமன்றம் இதனை 1954இலேயே உரைத்துவிட்டது. மத்திய அரசின் வர்த்தகத் துறையிலே செயலாளராக வீற்றிருந்த வெங்கட்டராமன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி, விசாரணைக்குப் பின் பணிநீக்கம் செய்யப்பட்டார். பிறகு குற்ற வழக்கும் வந்தது. இருமுறைத் தடை என்று முறையிட்டார். துறை விசாரணை குற்ற வழக்கு அன்று என்று கூறி மன்றம் முறையீட்டைத் தள்ளியது. அதற்கு முந்திய ஆண்டு, 1953இல், மக்பூல் உசேன் வழக்கு. ஜெட்டாவிலிருந்து பம்பாயில் வந்திறங்கியவரிடம் 107 தோலாவுக்குச் சற்று மிகுதியான தங்கம் இருந்தது. சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். பின்னர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வழக்கும் வந்தது. சுங்க அதிகாரி நீதிமன்றமாகார் என்றது உச்ச நீதிமன்றம். தங்கத்தை இழந்து வழக்கையும் சுமந்தவருக்கு, விழுந்த அடி இரண்டாகத்தான் தோன்றியிருக்கும். அந்த வேதனையை நான் மறுக்கவில்லை, வாதத்தைத்தான் மறுக்கிறேன்.

உயர்ந்த நாற்காலியிலே இருந்தவர் விழும்போது ‘இரட்டை நீதி’ என்று ஓலமிடும் கூட்டம், மெய்யான இரட்டை நீதி நடந்தபோது எங்கே இருந்தது? அது நடந்தது ஒரு நாளா, ஓர் ஆண்டா? மனுவின் நூலைப் புரட்டுங்கள், எட்டாம் அத்தியாயத்தை. வசைமொழிக்குத் தண்டம் வகுக்கிறார் அங்கே. பார்ப்பனரைத் திட்டிய க்ஷத்திரியனுக்கு 100 பணம். வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கோ பணக் கணக்கே இல்லை, உடலிலேதான் தண்டனை! திருப்பிப் பார்ப்போம். பார்ப்பனர் திட்டினால்? திட்டப்பட்டவன் க்ஷத்திரியன் ஆனால் 50 பணம், வைசியன் ஆனால் 25, சூத்திரன் ஆனால் 12. விலைப்பட்டியல், ஐயா, விலைப்பட்டியல்! நாவு செய்த குற்றம் ஒன்றே. ஆனால் நாவுக்குரியவன் யார், செவிக்குரியவன் யார் என்று பார்த்த பிறகே தராசு தூக்கப்படுகிறது. அதே அத்தியாயத்திலே, மற்றவர்க்குத் தலை போக வேண்டிய குற்றத்துக்குப் பார்ப்பனர்க்குத் தலைமயிர் போனால் போதும் என்ற விதியும் உண்டு. இதிலே எவனும் ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கப்படவில்லை, கவனியுங்கள்! இருமுறைத் தடை இம்மியும் மீறப்படவில்லை. ஆயினும் நீதி செத்துவிட்டது.

வெள்ளையர் வந்தனர், அனைவர்க்கும் ஒரே சட்டம் என்றனர். 1883இல் இல்பர்ட் மசோதா வந்தது: மாவட்டங்களிலே இந்திய நடுவர்களும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று. பொங்கி எழுந்தனர் வெள்ளையர்! கருப்பன் எங்களை விசாரிப்பதா என்று கூச்சல். மறு ஆண்டு சட்டமானபோது, பாதிக்குக் குறையாமல் வெள்ளையர் அமர்ந்த ஜூரியைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதே வெள்ளையர் ஆட்சி, 1871இல் வடக்கே தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். பிறந்த குலத்தைக் காட்டிப் பெயரைப் பதிவு செய், கைரேகை வை என்றது அது. ரேகைச் சட்டம் என்று நம் பாட்டன்மார் காறி உமிழ்ந்த சட்டம். பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரலில் அதை எதிர்த்து நின்றவர் நெஞ்சிலே குண்டு பாய்ந்தது. ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை கூடாது என்கிறீர்களே, குற்றமே இல்லாமல் நாள்தோறும் தண்டனை பெற்ற அந்த மக்களை எந்தக் கணக்கிலே சேர்ப்பீர்கள்? சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இல் ஒழித்தது. நாடு முழுதும் ஒழிய 1952 ஆயிற்று.

இரண்டும் வேறு என்று சொல்லி முடித்துவிட்டால் போதுமா? போதாது. கள்ளத் தராசில் நிறுத்த தீர்ப்புக்குக் கேடயமும் காவல் நிற்கும்போது என்ன ஆகும்? அந்தக் கொடுமையை உலகுக்குக் காட்டிய ஊர் மிசிசிப்பி மாநிலத்திலே இருக்கிறது.

1955 ஆகஸ்டு. எம்மெட் டில், 14 வயதுக் கருப்பினச் சிறுவன். சிகாகோ நகரத்துப் பிள்ளை. மணி என்னும் சிற்றூரிலே உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். வெள்ளையர் கடையொன்றிலே கடைக்காரர் மனைவியிடம் துடுக்காக நடந்துகொண்டான் என்று பேச்சு எழுந்தது. 28ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளை, அவள் கணவன் ராய் பிரையண்ட்டும், அவனுடைய தாய்க்கு வேறு கணவன் வழிப் பிறந்த சகோதரன் மைலமும் வந்து சிறுவனைப் படுக்கையிலிருந்து இழுத்துச் சென்றனர். மூன்று நாள் கழித்து ஆறு அவனைத் திருப்பித் தந்தது. கழுத்திலே முள்கம்பி, கம்பியிலே பஞ்சாலை எந்திரத்தின் கனத்த இரும்பு விசிறி. முகம் முகமாக இல்லை. தாய் மேமி டில் என்ன செய்தார்? பெட்டியை மூடாதீர்கள், என் மகனுக்கு அவர்கள் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். ஆயிரமாயிரம் பேர் வரிசையிலே நின்று பார்த்தனர்.

செப்டம்பரில் சம்னர் ஊரிலே வழக்கு. ஜூரியாக அமர்ந்தவர் 12 பேர். பன்னிருவரும் வெள்ளையர், பன்னிருவரும் ஆடவர். ஏன்? வாக்காளர் பட்டியலிலிருந்துதான் ஜூரியைப் பொறுக்க வேண்டும். அந்த மாவட்டத்திலே கருப்பருக்கு வாக்குரிமைப் பதிவே இல்லை. பெண்களுக்கோ அம்மாநிலச் சட்டம் ஜூரி நாற்காலியையே மறுத்திருந்தது. சிறுவனின் உறவினரான முதியவர் மோஸ் ரைட், வெள்ளையர் நிறைந்த மன்றத்திலே எழுந்து நின்று, கை நீட்டிக் கொலையாளிகளை அடையாளம் காட்டினார். அந்த நாளில், அந்த மண்ணில், அதைவிட வீரம் ஏது? சாட்சி சொன்ன பிறகு அவர் அந்த மாநிலத்திலேயே வாழ முடியாமல் வெளியேறினார். ஜூரியினர் உள்ளே சென்று எடுத்துக்கொண்ட நேரம் 67 நிமிடம். இடையிலே குளிர்பானம் குடிக்க நின்றிராவிட்டால் அவ்வளவு நேரமும் ஆகியிராது என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகச் செய்தி! தீர்ப்பு: குற்றவாளிகள் அல்லர்.

நான்கு திங்கள் கழிந்தன. 1956 சனவரியிலே ‘லுக்’ என்னும் அமெரிக்க ஏட்டிலே ஒரு கட்டுரை வெளிவந்தது. அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, நாங்கள்தாம் கொன்றோம், இப்படித்தான் கொன்றோம் என்று கதை சொல்வது போலச் சொல்லியிருந்தனர். அச்சமில்லை, நாணமில்லை. ஏன் இருக்க வேண்டும்? ஐந்தாம் திருத்தம் அவர்களுக்கு முன்னே சுவராக நின்றது. ஜூரி விடுவித்தவனை அதே கொலைக்காக மறுபடி விசாரிக்க முடியாது. ஏழையைக் காக்க வார்த்த கேடயத்தின் பின்னே நின்று, கொலைகாரர் இருவர் காசு எண்ணினர்.

இதைப் படிக்கும்போது குருதி கொதிக்கிறது. “உடைத்தெறியுங்கள் அந்தக் கேடயத்தை!” என்று நம் நாவும் துடிக்கிறது. இங்கேதான், தோழர்களே, சற்று நிதானம் வேண்டும். கொலை வழக்கு முடிந்ததே தவிர, ஆள் கடத்தல் வழக்கு முடியவில்லை. அது வேறு குற்றம். வேறு மாவட்டத்திலே நடந்தது. கேடயம் அதற்குக் குறுக்கே வரவே இல்லை. சிறுவனை அழைத்துச் சென்றோம், பிறகு விட்டுவிட்டோம் என்று காவல் தலைவரிடம் அவர்களே ஒப்புக்கொண்டிருந்தனர். என்ன நடந்தது? 1955 நவம்பரிலே, குற்றச்சாட்டை ஏற்பதா என முடிவு செய்யும் பெரிய ஜூரியின் முன் அது வந்தது. மோஸ் ரைட் மறுபடியும் வந்து சாட்சி சொன்னார். குற்றச்சாட்டே தேவையில்லை என்று கலைந்து போயினர் ஜூரியினர்! அந்த மறுப்பு விடுதலைத் தீர்ப்பன்று. மறுபடி கொண்டுவரச் சட்டத்திலே தடையுமில்லை. கொலையின் ஒப்புதல் ஊரறிய அச்சேறிய பிறகும் கொண்டுவருவாரில்லை. கேடயம் தடுத்தது என்றால், கேடயம் இல்லாத இடத்திலாவது தண்டனை விழுந்திருக்க வேண்டுமே! விழவில்லை. அங்கே தடுத்தது எது? தராசு! மருமகள் கையிலே குடம் உடைந்திருந்தால், அதாவது இறந்தவன் வெள்ளையனாகவும் கூண்டிலே நின்றவர் கருப்பராகவும் இருந்திருந்தால், கேடயத்தைத் தேடும் அளவுக்கு அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்களா என்பதே ஐயம். அந்நாட்டு நாடாளுமன்றம் கூட்டக் கொலைக்கு எதிரான சட்டமொன்றை அச்சிறுவன் பெயரால் நிறைவேற்றியது 2022இல். மைலமும் பிரையண்ட்டும் அதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரு நாளும் தண்டனை பெறாமல், இயல்பாக இறந்து போயிருந்தனர்.

இங்கிலாந்து வேறு வழி கண்டது. 1993 ஏப்ரலில், இலண்டன் நகரிலே பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் 18 வயதுக் கருப்பின மாணவனை வெள்ளை இளைஞர் கூட்டம் குத்திக் கொன்றது. காவலர் காட்டிய மெத்தனத்தால் மனம் வெதும்பிய பெற்றோர் தாமே தொடுத்த வழக்கு 1996இல் சரிந்தது; கேரி டாப்சன் முதலிய மூவர் விடுதலையாயினர். 1999இல் வெளிவந்த மேக்பர்சன் அறிக்கை, காவல் துறையின் அமைப்பிலேயே நிறவெறி ஊறியிருக்கிறது என்று உரைத்தது. இருமுறைத் தடையைத் தளர்த்தலாமா என்று ஆராயவும் பரிந்துரைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது: கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு மட்டும், புதிய, வலுவான சான்று கிடைத்தால் மட்டும், மேல்முறையீட்டு மன்றம் இசைந்தால் மட்டும். டாப்சனின் மேற்சட்டையிலே கண்ணுக்குப் புலப்படாத அளவு ஒரு குருதிக் கறை. அறிவியல் அது ஸ்டீபனின் குருதி என்றது. 2012 சனவரியிலே தண்டனை. இந்தத் தளர்வை நான் பழிக்க மாட்டேன். ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலிலே தராசின் கள்ளத்தை ஒப்புக்கொண்டார்கள், பிறகே கேடயத்திலே கை வைத்தார்கள். நம் நாட்டிலே தளர்வு பேசுவோர் முதற்பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

நமக்கு அந்தத் தளர்வு தேவைதானா என்பதும் கேள்வி. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வாயில் நம் சட்டத்திலே திறந்திருக்கிறது என்று முன்னே சொன்னேன் அல்லவா? குஜராத்திலே, வதோதராவில், 2002 மார்ச்சில் பெஸ்ட் பேக்கரி என்னும் ரொட்டிக் கடையிலே 14 பேர் கொல்லப்பட்ட வழக்கு. சாட்சிகள் பிறழ்ந்தனர், 2003 சூனில் 21 பேரும் விடுதலை. உச்ச நீதிமன்றம் 2004இல் என்ன சொன்னது? நடந்தது விசாரணையே அன்று என்ற முடிவுக்கு வந்து, வழக்கை மராட்டிய மாநிலத்துக்கு மாற்றி, முதலிலிருந்து விசாரிக்கப் பணித்தது. 2006இல் ஒன்பது பேருக்குத் தண்டனை. 2012இல் உயர் நீதிமன்றம் அவர்களில் ஐவரை விடுவித்து நால்வர் தண்டனையை உறுதி செய்தது. கேடயத்திலே கீறல் விழவில்லை. விசாரணை மெய்யாக நடந்தால்தானே முதல் முறை முடிந்ததாகும்?

அதே வாயில் நம் தஞ்சைத் தரணியிலே எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்டை வீட்டுத் தராசை மட்டும் சோதிப்பது நமக்கு அழகன்று. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் சேரியிலே தீ. ஒரு குடிசைக்குள்ளே உயிருக்கு ஒளிந்த பெண்டிர், பிள்ளைகள், முதியோர் என 44 பேர் கரியாயினர். அப்போது கோட்டையிலே அமர்ந்திருந்தது நம்மவர் ஆட்சி. 1970இல் மாவட்ட அமர்வு மன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோர்க்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்கள் செல்வர்கள், பெருநிலம் உடையவர்கள், அவர்களில் ஒருவரிடம் கார் கூட இருக்கிறது. அத்தகையோர் வேலையாட்களைக்கூட அழைக்காமல் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்னும் போக்கிலே சென்றது தீர்ப்பின் வாதம். ஏர் பூட்டியவன் மீது அதே குற்றம் வந்திருந்தால், கார் இல்லாதது அவனுக்கு எதிரான சான்றாகியிருக்குமோ? 12 பணத்துக்கும் 200 பணத்துக்கும் இடையே மனு வைத்த தொலைவு, அந்தக் காரிலே ஏறி 1973 வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வெண்மணி வழக்கிலே எவரும் இருமுறைத் தடையைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையே எழவில்லை. அந்தத் தீக்கு முதல் முறைத் தண்டனையே நிலைக்கவில்லை. பதவி பறிபோனவர் வீட்டுத் திண்ணையிலே இன்று பெருமூச்சு விடுவோர், 44 பேர் எரிந்த அந்தக் குடிசை வாசலிலே நின்று, ‘இரட்டை நீதி’ என்ற அதே சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கட்டும்.